கோட்டை மலையை வலம் வந்த நாள்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதிதான். அப்புறம் பல்லாவரம் கல்குவாரியில் கூடை தூக்கினேன், சம்மட்டி பிடித்தேன், மீசை முழுசாக முளைப்பதற்குள் ஒரு ஓட்டை லாரிக்குச் சொந்தக்காரன் ஆனேன். ஒன்று நாலானது, நாலு ஏழானது. தாம்பரத்துக்குத் தெற்கே எந்தத் தெருவில் வேண்டுமானாலும் தோண்டிப் பாருங்கள், என் லாரி கொட்டிய ஜல்லி ஒரு கூடையாவது கிடைக்கும். ராஜகீழ்ப்பாக்கத்தில் மூன்று மாடி வைத்து வீடு கட்டியிருக்கிறேன். யார் முன்னாலும் கைகட்டி நின்றதில்லை. இதை எழுதுவதுகூட என் கையாலேதான். ஒற்றுப்பிழையை மட்டும் பேத்தி திருத்தித் தருகிறாள்.

தொழிலில் என்னை ஏமாற்றியவர்கள் உண்டு. அவர்களை எல்லாம் ஒரு வாரத்தில் மறந்துவிட்டேன். முப்பது வருடம் என்னோடு நடந்தவன் ஒரு மலையைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போய் ஏமாற்றினானே, அதைத்தான் மறக்க முடியவில்லை.

எங்கள் ஏரிக்கரையில் காலையில் நடக்கிற கூட்டம் ஒன்று உண்டு. ஆரம்பித்தவன் நான். முதலில் நானும் அவனும் இரண்டு பேர்தான். அவன் டெலிபோன் இலாகாவில் கம்பம் ஏறி லைன் பார்த்தவன், ரிட்டையர் ஆகிவிட்டான். எனக்குச் சொந்தமில்லை, ஆனாலும் நாங்கள் இருவரும் மச்சான் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். பிறகு ஒருவர் ஒருவராகச் சேர்ந்து ஒன்பது பேர் ஆனோம். கரையில் ஒரு சின்ன அம்மன் கோயில் இருப்பதால் ஏரியை வலமாகத்தான் சுற்ற வேண்டும் என்று சட்டம் போட்டதும் நான்தான். பேங்க்கில் வேலை பார்த்த ஒரு அம்மா, எல்லாருக்கும் அக்கா, "இது வாக்கிங்கா, வேண்டுதலா?" என்று கேலி செய்வார். இருந்தாலும் வலமாகத்தான் வருவார்.

போன வருடம் எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். கூட்டத்தில் யாருக்கும் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மூன்று வாரம் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். மச்சானுக்கு மட்டும் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அவன் கையைப் பிடித்து, வெளியே மூச்சு விடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். சம்மட்டி பிடித்த நெஞ்சில் கம்பி வைத்திருக்கிறது என்று நாலு பேர் பரிதாபப்படுவதை என்னால் தாங்க முடியாது.

திரும்பி வந்தபோது கூட்டத்தில் காற்று மாறியிருந்தது. ஐ.டி. கம்பெனிக்காரத் தம்பி ஒருவர் செல்போனில் அடியைக் கணக்குப் பார்த்து, யார் எத்தனை கிலோமீட்டர் என்று குரூப்பில் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் அவரைப் பார்த்துத்தான் "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்கள். என்னை "பெரியவரே, நீங்க மெதுவா வாங்க" என்றார்கள். மெதுவாகவாம்!

அந்தத் தம்பிதான் ஒரு மலைக்கோட்டைக்கு நடைப்பயணம் போகலாம் என்றார். திண்டிவனம் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிற மலை. ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை, அங்கே காவலில் இருப்பவருக்கு என்னால் தொல்லை வரக்கூடாது. எந்த ராஜா காலத்துக் கோட்டையோ, உச்சியில் மதிலும் பீரங்கியும் இருக்கிறதாம். மலையடிவாரத்தைச் சுற்றி வட்டமாக ஒரு பாதை. வட்டத்தில் ஓர் இடத்தில் படிக்கட்டு தொடங்கும். ஏறி, இறங்கி, வட்டத்தை முடித்துக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம்.

"படி ஆயிரத்துக்கு மேல, பெரியவரே. நீங்க கீழயே..." என்று அந்தத் தம்பி இழுத்தார்.

"தம்பி, உன் வயசுல நான் தலையில கல்ல வெச்சிகினு மலை ஏறுனவன். உச்சியில உனக்கு முன்னாடி நான் நிப்பேன், பாக்கறியா?" என்றேன்.

எல்லாரும் கை தட்டினார்கள். மச்சான் மட்டும் தட்டவில்லை. பொறாமை என்று நினைத்தேன். அந்த உச்சியில் அத்தனை பேர் முன்னால் நான் நிற்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. நின்றுவிட்டால் அதற்கப்புறம் ஒருத்தனும் என்னை மெதுவாக வரச் சொல்லமாட்டான்.

வீட்டில், மலையைச் சுற்றிவிட்டு வருகிறோம் என்று மட்டும் சொன்னேன். மகன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "சரிப்பா, பாத்துப் போங்க" என்றான். டாக்டர் பேச்சை எடுத்து ஒரு மணி நேரம் சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். இவ்வளவு சுலபமாக விட்டுவிட்டானே என்று சந்தோஷப்பட்டேன். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வேனில் புறப்பட்டோம். சிங்கப்பெருமாள் கோவிலில் நிறுத்தச் சொன்னேன். அங்கே நரசிம்மர் குன்றையே குடைந்த குகைக்குள் இருப்பவர், சாமியைச் சுற்ற வேண்டுமானால் அந்தக் குன்றையே சுற்றி வரவேண்டும். சுற்றினோம். மச்சான் என் பக்கத்தில் வந்து, "நல்லா கீது மச்சான். கோட்டை மலையையும் இப்டியே வலமா வந்துடலாம்" என்றான். "பின்ன? எடமா சுத்தறது சாவு வூட்டு வேலையாச்சே" என்றேன். தலையாட்டினான்.

பத்து மணிக்கு மலையடிவாரம். பாதை அங்கே இரண்டாகப் பிரிந்தது. இடமாகப் போனால் பதினைந்து நிமிடத்தில் படிக்கட்டு என்று பெட்டிக்கடைக்காரர் சொன்னார். வலமாகப் போனால் மலையை முக்கால் சுற்று சுற்றிப் பின்பக்கமாக வரவேண்டும். அக்கா முட்டியைத் தடவிக்கொண்டு, "நான் இடமாத்தான் போறேன். சாமி என் முட்டியை மன்னிச்சிக்கும்" என்றார். ஐ.டி. தம்பி, "ஃபோர்ட்டுக்கு எதுக்கு பெரியவரே வலம் இடம்?" என்றார்.

"சாமி இல்லாத மலை ஏது? வலமா வர்றவங்க என் கூட வாங்க" என்றேன்.

ஒருவரும் நகரவில்லை. மச்சான்தான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பக்கம் வந்து நின்றான். "நீங்க முன்னாடி போங்க, நாங்க படிக்கட்டுல வந்து சேந்துக்கறோம். மூணு மணி வரைக்கும் ஏற வுடுவாங்க, அவசரமே இல்ல" என்று அவர்களிடம் சொன்னான். என் செல்போனையும் வாங்கி வேனிலேயே சார்ஜ் போட்டுவிட்டான். "என்னுது கீதுல்ல, இன்னாத்துக்கு ரெண்டு?" என்றான். உலகத்தில் ஒரு சினேகிதன் இருந்தால் இப்படி இருக்க வேண்டும் என்று அந்த இடத்தில் எனக்குத் தோன்றியது. உண்மையாகவே தோன்றியது, அதையும் எழுதிவிடுகிறேன்.

மலை எங்கள் வலக்கைப் பக்கம். முள்ளுக்காடு, நடுநடுவே சீத்தாமரம், ஆட்டுத்தடம் மாதிரி ஒரு பாதை. அரைமணி நடந்ததும் யானை படுத்த மாதிரி ஒரு பாறை வந்தது. அதன் முதுகில் ஒரே வரிசையில் சின்னச் சின்னக் குழிகள், சாண் இடைவெளியில்.

"இன்னா மச்சான் இது, பல்லாங்குழி மாதிரி?" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்லைப் பற்றி என்னிடமா! ராஜா காலத்துக் கல்லுடைக்கிறவன் போட்ட குழி அது என்றேன். குழியில் காய்ந்த மர ஆப்பை இறுக்கித் தண்ணீர் விட்டால் மரம் ஊறிக் கல்லைப் பிளக்கும். வரிசை முடியும் முன்னால் ஏதோ காரணத்தால் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். மரத்தில் ரேகை மாதிரி கல்லிலும் ஓட்டம் உண்டு, ஓட்டம் தெரியாமல் அடித்தால் நாள் முழுக்க அடிக்க வேண்டியதுதான் என்றெல்லாம் சொன்னேன்.

"அப்டியா? உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

யாரும் சொல்லித்தரவில்லை. நானாகப் பார்த்துப் பிடித்தது. அதைச் சொன்னேன். பாறை மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். முதல் லாரி வாங்கிய கதையைக் கேட்டான். வெள்ளத்தில் மாட்டிய லாரியை நான் தனியாளாக வெளியே எடுத்த கதையைக் கேட்டான். முப்பது வருடமாக நடந்துகொண்டே பாதி காதில் கேட்டவன், அன்றைக்குக் கண்ணைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "இரு இரு, அந்த மேஸ்திரி இன்னா சொன்னான்? மறுபடி சொல்லு" என்றான். என் மகன்கூட என் கதையை இப்படிக் கேட்டதில்லை.

அப்புறம் அவன் காலில் முள் குத்தியது. ஷூவைக் கழற்றி, காலுறையைக் கழற்றி, நெடுநேரம் தேடினான். முள் கிடைக்கவில்லை. ஒரு பம்புசெட்டைப் பார்த்ததும் முகம் கழுவ வேண்டும் என்றான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் மோர் கிடைக்குமா என்று கேட்டான். அந்த அம்மா, "வூடு அந்தக் கடைசியில கீது, போய்த்தான் எடுத்தாரணும்" என்றார். "பரவால்லக்கா, மெதுவா எடுத்தா" என்று நிழலில் உட்கார்ந்துவிட்டான். அங்கேயும் ஒரு கதை கேட்டான். நடுவில் ஒரு தடவை அவன் செல்போன் அடித்தது. "நீங்க ஏறுங்க, நாங்க பின்னாடியே வந்துகினு கீறோம்" என்றான். அடிக்கடி செல்போனை எடுத்து மணி பார்த்தான். கேட்டால், "வெயிலு ஏறுதே, அதான்" என்றான்.

ஒரு வழியாகப் படிக்கட்டுப் பக்கம் வந்து சேர்ந்தோம். கம்பிக் கதவு. பூட்டு. அண்ணாந்து பார்த்தால் உச்சி மதில் தெரிந்தது. மதிலோரத்தில் எறும்பு மாதிரி ஆட்கள். அக்காவின் மஞ்சள் புடவை மட்டும் துல்லியமாகத் தெரிந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு போனவர் அங்கே நிற்கிறார்.

கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவல்காரரிடம், "கதவைத் தெறப்பா" என்றேன்.

"ஒரு மணியோட சரிங்க ஐயா. அதுக்கு மேல யாரையும் வுடறதில்ல. வெயில்ல மலைத்தேனீ கெளம்பும்."

"மூணு மணி வரைக்கும்னு சொன்னாங்களே?"

"யாரு சொன்னா? இப்ப ஒண்ணேகால் ஆவுது."

"நான் யாருன்னு தெரியுமா? தாம்பரத்துல வந்து கேட்டுப் பாரு."

"நீங்க யாரா இருந்தாலும் தேனீக்குத் தெரியாதுங்களே" என்று சிரித்தார். சிரித்தபடியே எனக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்தார். "இன்னா சார், நீங்களா? போன வாரந்தான வந்து கேட்டுகினு போனீங்க? ஒரு மணிக்குப் பூட்டிருவோம்னு ரெண்டு தரம் சொன்னேனே. சுத்தி வர எம்மா நேரம் ஆவும்னு வேற கேட்டீங்க. கூட ஒரு தம்பி வந்துச்சே, நீலக் காருல."

நீலக் கார் என்னுடையது. நான் வாங்கி மகனுக்குக் கொடுத்தது.

நான் திரும்பினேன். மச்சான் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். முள் குத்திய காலை ஊன்றித்தான் நின்றான், நன்றாகவே ஊன்றியிருந்தான்.

கொஞ்ச தூரம் தள்ளி ஒரு புளியமரம். அங்கே போய்த்தான் கேட்டேன். "இன்னாடா இது?"

"படி ஏறப் போற வெஷயத்த கூட்டத்துல யாரோ சொல்லிட்டாங்களாம், உன் புள்ள என் வூட்டுக்கு வந்து அழுதான் மச்சான். அத்தனை படி ஏறக் கூடாதுன்னு டாக்டர் கட் அண்ட் ரைட்டா சொல்லிட்டாராம். 'அங்கிள், என் பேச்ச கேக்க மாட்டாரு, நீங்கதான் எதுனா பண்ணணும்'ன்றான். நான் இன்னா பண்றது? அவங்க முன்னாடி ஏறாதன்னு சொன்னா, ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொல்லக் கூடாதுன்னு நீ சத்தியம் வாங்கி வெச்சிகினு கீற."

"தனியா கூப்ட்டு எங்கிட்ட சொல்லிருக்கலாமே."

"சொன்னா கேப்பியா?"

கேட்டிருக்க மாட்டேன். அது வேறு விஷயம். தடுக்கப்பட்டதற்காக எனக்குக் கோபம் இல்லை. அவன் என் கையை முறுக்கி வேனில் தள்ளியிருந்தால்கூட இரண்டு நாளில் சரியாகியிருப்பேன். நான் வலமாகத்தான் வருவேன் என்று அவனுக்குத் தெரியும், அதை வைத்தே கயிறு திரித்தான். நான் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று தெரியும், அதை வைத்து முடிச்சுப் போட்டான். முன்பின் தெரியாதவனால் இது முடியுமா?

"அந்தக் கதையெல்லாம்?" என்றேன். "லாரிக் கதை, மேஸ்திரி கதை, மறுபடி சொல்லு மறுபடி சொல்லுன்னியே?"

அவன் பதில் சொல்லவில்லை. வேறு எதற்கு வேண்டுமானாலும் பேசாமல் இருந்திருக்கலாம். இதற்கு ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். 'நெஜமாத்தான் கேட்டேன் மச்சான்' என்றால் நம்பிவிட்டுப் போயிருப்பேன்.

இரண்டரை மணிக்கு மற்றவர்கள் இறங்கி வந்தார்கள். முகமெல்லாம் சிவந்து, சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்திக்கொண்டு. அக்கா என்னைப் பார்த்ததும், "என்னங்க, வலம் வந்தீங்களே, வரம் ஏதாவது கெடைச்சுதா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, அது எனக்குத் தெரியும். ஐ.டி. தம்பி, "விடுங்க, அடுத்த தடவை பாத்துக்கலாம், பெரியவரே" என்று என் தோளைத் தட்டினார். என் தோளை!

என்னை ஏமாற்றிவிட்டான் என்று அங்கேயே சத்தம் போட்டிருக்கலாம். போட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால் நெஞ்சுக்குள் இருக்கிற கம்பியைச் சொல்ல வேண்டும். ஆக, என் வாயை நானே தைத்துக்கொண்டு வேனில் ஏறினேன். அக்கா வழியெல்லாம் உச்சியைப் பற்றியே பேசினார். மதிலுக்குப் பக்கத்தில் வற்றாத ஒரு சுனை, தண்ணீர் பச்சையாக. பீரங்கி மேல் எவனோ காதலியின் பெயரைக் கீறி வைத்திருக்கிறான். காற்று ஆளையே தள்ளுகிறது. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். மச்சான் பின்சீட்டில் இருந்தான்.

வீட்டுக்குப் போனபோது விளக்கு வைக்கிற நேரம். மகன் ஹாலில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்கப்பா. எப்படி இருந்துச்சு ட்ரிப்?"

முகத்தில் ஒரு சலனம் இல்லை. நான் பெற்ற பிள்ளை. செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னேன்: "நல்லா இருந்துச்சு. உச்சி வரைக்கும் ஏறுனேன்."

ரிமோட்டை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

"மேல ஒரு சுனை கீது. வத்தாதாம், தண்ணி பச்சையா கீது. பீரங்கி மேல எவனோ பேரைக் கீறி வெச்சிருக்கான். காத்து சும்மா ஆளைத் தூக்குது" என்றேன்.

எழுந்து பால்கனிக்குப் போனான். கதவைச் சாத்தினான், ஆனால் அந்தக் கதவு சரியாகச் சேராது. மெதுவாகத்தான் பேசினான், எனக்கு எல்லாம் கேட்டது.

"அங்கிள், அப்பா ஏறிட்டேன்றாரு. மேல இருக்கறதெல்லாம் சொல்றாரே. உண்மையா?"

அந்தப் பக்கம் பதில் வர நேரமானது. நானும் காத்திருந்தேன். இல்லை என்று மச்சான் சொன்னால் மகன் முன்னால் நான் பொய்யன். அதற்கும் தயாராகத்தான் இருந்தேன், வரட்டும், அதோடு அவனுக்கும் எனக்கும் முடிந்தது என்று.

"ஐயோ" என்றான் மகன். அப்புறம், "நீங்க எவ்வளவு சொல்லியுமா? சரி அங்கிள். இல்ல அங்கிள், உங்க மேல தப்பு இல்ல."

திரும்பி வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். விரலை மாற்றி மாற்றி வைத்து நாடி தேடினான். "மூச்சு வாங்குதாப்பா? நெஞ்சு வலிச்சா உடனே சொல்லணும், சரியா?" கொஞ்ச நேரம் கழித்து, தன்னையறியாமல் சிரித்துவிட்டான். "அங்கிள் சொன்னாரு, நீங்கதான் எல்லாருக்கும் முன்னாடி ஏறுனீங்களாமே. புடிக்கவே முடியலயாம்."

உச்சியை எடுத்துக்கொண்டவனே உச்சியைத் திருப்பிக் கொடுக்கிறான். அப்போதும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆமா" என்றேன்.

மகன் அதை மருமகளுக்குச் சொன்னான், மருமகள் பேத்திக்குச் சொன்னாள். இந்தப் பக்கங்களைத் திருத்தும்போதுதான் பேத்திக்கு உண்மை தெரியப் போகிறது. தெரியட்டும்.

ஏரிக்கரைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். முதல் சில நாள் மச்சான் போன் செய்தான். எடுக்கவில்லை. அப்புறம் அவனும் விட்டுவிட்டான். இப்போது காலையில் பெரும்பாக்கம் பக்கம் நடக்கிறேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. போன வாரம் டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், நல்ல மாதிரி மனிதர், "நீங்க என்ன தொழில் பண்ணீங்க சார்?" என்று கேட்டார். சொல்ல வாயெடுத்தேன். அதற்கு முன்னால் என் கண் அவர் கையைப் பார்த்தது, மணி பார்க்கிறாரா என்று.